எந்தக் கார் வளரும் என்று பெவர்லி கேட்கவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தலைகீழாகக் கிடைத்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எதிர்வீட்டு அலிஸ்டர் பிம் தேநீருக்குப் பால் எடுக்கக் குளிர்பெட்டிக்குள் தலையை நுழைத்திருந்தபோது, அவருடைய சமையலறை மேசையில் கிடந்த ஒரு தாளை நான் எதிர்ப்புறம் உட்கார்ந்தபடியே படித்துவிட்டேன். லின்னெட் குளோஸ் அக்கம்பக்கக் கண்காணிப்புச் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்தவளுக்குத் தலைகீழ் எழுத்தெல்லாம் ஒரு பொருட்டா? ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. காதை நான் பயன்படுத்தவே இல்லை.

தாளின் தலைப்பு: பிரிட்டன் சந்தையில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வளரப்போகும் கார் கம்பெனிகள். கீழே ஒரு பட்டியல். முதல் வரியில் ப்ரோவெல், கூட்டல் குறி போட்டு முப்பத்தெட்டு சதவீதம். ஏழாவது வரியில் ஹைலுங். அதற்கு நேராக எண்ணே இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

(ப்ரோவெல் என்றோ ஹைலுங் என்றோ உலகத்தில் எந்தக் காரும் கிடையாது. உண்மைப் பெயரைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும், எனக்கு வரும் கடிதங்களே போதும். ப்ரோவெல் ஐரோப்பாவில் எங்கோ பிறந்தது, ஹைலுங் சீனாவிலிருந்து புதிதாக வந்திறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பெயரையும் சூட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை.)

படித்து முடித்ததும் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் உங்களுக்கும் வேறு ஏதாவது படிக்கக் கிடைத்திருக்கும்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. வந்தவற்றை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

"மார்ச் முதல் தேதி என்றாலே பிரிட்டனின் கார்க் கடைகளில் ஒரு" (விட்டுவிட்டேன். கட்டுரைப் போட்டி வாசனை.)

"பெவர்லி டாசெட் ஜன்னலருகே நின்று மழையை வெறித்தாள். அவள் நெஞ்சுக்குள்ளும்" (அடித்துவிட்டேன். எங்கள் ஊரான கெட்டரிங்கில் யாரும் நின்று மழையைப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது.)

"ஐம்பத்தேழு வயதில் பெவர்லிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது."

இது இருக்கட்டும். எங்கள் தெருப் பதினாலாம் நம்பர் வீட்டுப் பெவர்லியின் கார்க் கடையான டாசெட் மோட்டார்ஸ் முப்பத்தொரு வருடமாக எந்தக் கம்பெனியின் கார்களை விற்றுவந்ததோ அந்தக் கம்பெனி, சிறு ஊர்க் கடைகள் இனி தேவையில்லை, பிப்ரவரி மாதக் கடைசியோடு முகவர் உரிமை முடிகிறது, உங்கள் நீண்ட பயணத்துக்கு நன்றி என்று எழுதியிருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை, முழுதாக இரண்டு வருடம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் என்பது இந்த நாட்டில் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு ஏற்ற கால அளவு. பெவர்லியும் பேசவில்லை. பிப்ரவரி பாதி போன பிறகுதான் அவள் மேசையில் இரண்டு ஒப்பந்தங்கள் கிடந்தன: ஒன்று ப்ரோவெலுடையது, மற்றது ஹைலுங்குடையது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் முதல் தேதி கடைமுகப்பில் புதுப் பலகை ஏறவேண்டும்.*

வளராத கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டே வருடத்தில் கடை படுத்துவிடும். அந்த மூலை நிலத்தில் நாற்பது ஃபிளாட் கட்டலாம் என்று ஒரு கட்டுமானக்காரர் ஏற்கெனவே பூங்கொத்து அனுப்பி வைத்திருந்தார், துக்க வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்புவதைப் போல. கடையில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பூங்கொத்தைப் பதினான்கு பேரும் பார்த்தார்கள்.

* ஏன் மார்ச் முதல் தேதி? இந்த ஊரில் காரின் எண்பலகையே அதன் ஜாதகம். எந்த வருடத்தின் எந்தப் பாதியில் பிறந்தது என்று ஊருக்கே சொல்லிவிடும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் புது வண்டிகளுக்கான எண் மாறும். அன்றைக்குத் தெருவில் புது எண்ணோடு வந்து நிற்கும் வண்டியை எல்லோரும் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். மறுநாள் பார்க்காததைப் போலவே "அருமையான வெயில்" என்பார்கள். அன்று வெயில் அடித்திருக்காது.

3

அலிஸ்டர் பிம்மை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். மெல்லிய மீசைகூட வைத்தேன். பிறகு அவர் வாசலில் நின்று எங்கள் பூனைக்குக் கையசைத்தார். மீசையை எடுத்துவிட்டேன்.

அவர் வேலை இதுதான்: எந்தெந்தக் கார் கம்பெனி இந்நாட்டில் வளரும், எது தேயும் என்று கணித்து, கார் வியாபாரிகள் படிக்கும் ஒரு மாதப் பத்திரிகைக்கு எழுதுவது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கம்பெனியை "இந்த ஆண்டுக்குள் மூட்டை கட்டிவிடும்" என்று எழுதினார். அது அந்த ஆண்டு விற்பனையில் முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாரோ சிலர் அந்தக் காரின் படம் போட்ட வாழ்த்து அட்டையை அவருக்கு அனுப்புகிறார்கள். போன வருடம் பதினொன்று வந்தது. தபால்காரர் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கே திரும்புவோம். அவர் பாலோடு குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்தார்.

"பிஸ்கட் எடுத்துக்குங்க. இந்த வேலையில உள்ளுணர்வுன்னு ஒண்ணு உண்டான்னு போன தடவை கேட்டீங்களே."

"ஆமா, உண்டா?"

"இருந்துச்சு. அது பேச்சைக் கேட்டுத்தான் மாட்டினேன். இப்ப எல்லாம் பதிவுக் கணக்கு மட்டும்தான். மாசாமாசம் எத்தனை புது வண்டி பதிவாகுது, எந்தக் கம்பெனி. எண்ணு பொய் சொல்லாது."

"பெவர்லிக்கு இந்த வாரம் கஷ்டமான வாரம்" என்றேன், பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும். பதினாலாம் நம்பர் வீட்டு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு." பாலை ஊற்றினார். "அவங்க கேட்டா நான் சொல்ல மாட்டேன்னு இல்ல. கேக்கலையே."

"நீங்களாப் போய்ச் சொன்னா என்ன?"

அவர் அதிர்ந்துபோனார். "கேக்காத ஆளுக்குப் போய் எப்படிங்க சொல்றது? அவங்க தொழில் அவங்களுக்கே தெரியலன்னு நான் நெனைக்கிற மாதிரி ஆயிடாதா?"

பெவர்லி ஏன் கேட்கவில்லை? கேட்டால் தேவை என்று வெளிப்பட்டுவிடும். தேவையை வெளியே காட்டுவது இங்கே உள்பாவாடையோடு தெருவுக்கு வருவதற்குச் சமம். ஆக, நான்கு வீடு தள்ளி ஒருவரிடம் விடை இருக்கிறது, இன்னொருத்தியிடம் கேள்வி இருக்கிறது, இருவரும் ஐந்து வருடமாகக் குப்பைத் தொட்டிகளைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

அக்கம்பக்கத்தைக் கண்காணிப்பது என்றால் பின்னே என்ன?

4

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். பெவர்லி தன் மேசையில் ஒரு பன்றிக்கறி ரொட்டியைப் பாதி தின்று வைத்திருந்தாள். பட்டறைத் தலைமை மெக்கானிக் கர்ட்டிஸ் கதவில் சாய்ந்து மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடமாக அவளிடம் வேலை செய்பவன். அவள் முன்னால் எதையும் சொல்லும் உரிமை உள்ளவன், சொல்லியும் விடுபவன்.

"காத்துவாக்குல ஒண்ணு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"சுத்தி வளைக்காத வாத்தே**" என்றாள் பெவர்லி. "எங்க படிச்ச?"

"ஒரு மேசையில. தலைகீழா."

"என்ன போட்டிருந்துச்சு?"

"ப்ரோவெல் முதல்ல. பிளஸ் முப்பத்தெட்டு."

"தலைகீழாப் படிச்சேங்கிற. மைனஸ் இல்லன்னு எப்படித் தெரியும்?" என்றான் கர்ட்டிஸ்.

"பிளஸ்ஸ எப்படித் திருப்பினாலும் பிளஸ்தான்யா."

பெவர்லி சிரிக்கவில்லை. ப்ரோவெல் ஒப்பந்தத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றாமல் வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் பதிவுசெய்கிறேன். இந்தத் தெருவுக்கு நான் செய்த மிகப் பெரிய சேவை இதுதான் என்று நினைத்தேன்.

"முப்பத்தெட்டு சதவீதம் வந்து சைடு மிரர மாட்டுமா?" என்றான் கர்ட்டிஸ்.

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் பெவர்லி.

"நம்ம ஊர்த் தெரு எப்படி இருக்கு? ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, நடுவுல ஒரு ஆடு போற வழி. புது வண்டி வாங்கின மொத வாரமே எவனாவது வலது பக்கக் கண்ணாடியப் பேத்துட்டுப் போயிடுவான். அந்தக் கண்ணாடி ரெண்டு நாள்ல வந்தா ஜனங்க அந்தக் கம்பெனிய மெச்சுவாங்க. ரெண்டு மாசம் ஆச்சுன்னா பக்கத்து வீடு, மச்சினி, சலூன்னு எல்லா இடத்துலயும் திட்டுவாங்க. வளர்றது தேயிறது எல்லாம் அங்கதான். அந்தப் பிம் ஆளு அதுக்கு ஒரு கோடு போட்டானா?"

"நீ போடேன்" என்றாள் பெவர்லி.

போட்டான். அங்கேயே, தொலைபேசியில். இரண்டு கம்பெனியின் உதிரிபாகப் பிரிவையும் வரிசையாக அழைத்து, வலப்பக்கக் கண்ணாடி ஒன்று அவசரமாக வேண்டும் என்றான். யாருக்கு என்று கேட்டார்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் "மிஸஸ் பாட்டர்ஸ்பி" என்றான். எழுபத்தாறு வயது. தனியாக இருப்பவர். திங்கட்கிழமை கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும், பஸ் அந்தப் பக்கம் போகாது. பால் வண்டிக்காரன் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

(எனக்கு வயிற்றெரிச்சல். என் கதைக்குள்ளேயே ஒரு மெக்கானிக் நின்றுகொண்டு அரை நிமிடத்தில் ஒரு கதாபாத்திரத்தைப் படைத்துவிட்டான். நான் பெவர்லியை எழுத மூன்று வரைவு எடுத்துக்கொண்டேன்.)

"கண் ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிட்டுப் போறாங்களா?" என்று பெவர்லி கேட்டாள்.

"அத அவனுங்க கேக்கல."

"பேனாவ மூடித்தான் வச்சிருக்கேன். வெள்ளி வரைக்கும். அதுக்கு மேல என்னால முடியாது கர்ட்டிஸ்."

 ** எங்கள் ஊர் இருக்கும் நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரத்தில் ஆண், பெண், போலீஸ்காரர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோரையும் "வாத்தே" என்று பிரியமாக அழைப்பார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் வைவதைப் போல இருக்கிறது. கண்ணே, தங்கமே என்று மாற்றிப் பார்த்தேன், பெவர்லியின் வாய்க்குப் பொருந்தவில்லை. வாத்தாகவே இருக்கட்டும்.

5

புதன்கிழமை குப்பைத் தொட்டி வெளியே வைக்கும் நாள். லின்னெட் குளோஸில் மனிதர்கள் மனிதர்களோடு பேசுவது அன்றைக்குத்தான்.

என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. தெருவில் எந்த வீட்டு வாசலில் எந்த வண்டி எப்போது வந்து நின்றது என்று எழுதி வைப்பேன், கண்காணிப்பு வேலைக்காக. சூப்பர் மார்க்கெட் வண்டி நிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்வேன், அது என் சொந்த ஆர்வத்துக்காக. செவ்வாய் மாலை அதைப் புரட்டி எண்ணினேன். ஹைலுங் பதினொன்று. ப்ரோவெல் ஒன்றுகூட இல்லை. முப்பத்தெட்டு சதவீதம் வளர்கிற வண்டி எங்கள் ஊருக்குள் வரக் கூச்சப்படுகிறதா?

"அலிஸ்டர், ப்ரோவெல்லுன்னு ஒரு வண்டி சொல்றாங்களே, அது தெருவுல எங்கயாவது ஓடுதா?"

அவர் பச்சைத் தொட்டியை நேராக்கினார். "நீங்க அந்தப் பேரச் சொல்றது சுவாரசியமா இருக்கு."

இந்த நாட்டுத் தமிழில் (அப்படி ஒன்று இருந்தால்) இதற்கு அர்த்தம்: என் தாளைப் படித்திருக்கிறாய், திருடி. நான் என் குறிப்பேட்டைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன்.

அவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இந்தப் பதினோரு ஹைலுங்ல எட்டு, ஆறாம் நம்பரும் பதினொண்ணாம் நம்பரும் வேலை பாக்கிற அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஆளுங்களோடது. அது மின்சார வண்டி, வரி கம்மி, அதனால ஆபீஸே மொத்தமா எடுத்துக் குடுத்திருக்கு. எட்டுப் பேர் விரும்பி வாங்கல. ஒரு மேனேஜர் ஒரு மத்தியானம் முடிவு பண்ணாரு. நீங்க எண்ணினது எட்டு, நடந்தது ஒண்ணு."

என் இருபத்தாறு வருடக் கண்காணிப்பு பச்சைத் தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

"சரி. ப்ரோவெல் எங்க?"

"டிசம்பர்ல மட்டும் மூவாயிரத்துக்கு மேல பதிவாயிருக்கு. எங்கயாவது தெக்கே ஓடும்."

கெட்டரிங்கில் காணாத எதையும் தெற்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவது வழக்கம். பணம், வெயில், நல்ல பல் மருத்துவர். நானும் ஒத்துக்கொண்டேன்.

போகும்போது அவர் திரும்பாமலே கேட்டார். "பெவர்லிகிட்ட சொன்னீங்களா?"

"லேசா."

"ஓ" என்றார். முதுகைப் பார்த்தே சொல்வேன், அவருக்குச் சந்தோஷம்.

6

வியாழக்கிழமை கர்ட்டிஸுக்கு இன்னொரு ஓட்டுநர் தேவைப்பட்டது. கடைக்குச் சேர வேண்டிய ஒரு பழைய வண்டி ஊருக்கு வெளியே ஒரு போர்க்கால விமானத் தளத்தில் நின்றது. ஒரு வண்டியில் இருவர் போய், இரண்டு வண்டியில் திரும்ப வேண்டும். வியாழக்கிழமைகளில் நான் சும்மா இருப்பது ஊரறிந்த விஷயம்.

ஒரு காலத்தில் குண்டு விமானங்கள் ஏறிய ஓடுபாதை இப்போது வாடகைக்குக் கார்களை நிறுத்தும் இடம். வாயிலைத் தாண்டி வளைந்ததும் நான் பிரேக்கை மிதித்தேன்.

ப்ரோவெல்.

வரிசை வரிசையாக. வெள்ளை, சாம்பல், அந்த ஒரு மாதிரி நீலம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. சக்கரத்தில் பாதி வரை புல். ஒவ்வொன்றிலும் முறையான எண்பலகை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பதிவான நாள் டிசம்பர் முப்பது. அடுத்தது டிசம்பர் முப்பது. அதற்கடுத்தது முப்பத்தொன்று.

"வாங்கினவங்க எங்க கர்ட்டிஸ்?"

"வாங்கினாத்தானே இருப்பாங்க. வருஷக் கடைசியில கம்பெனி போன் பண்ணும், எண்ணிக்கை பத்தல, இன்னும் இருவது பதிவு பண்ணுன்னு. டீலர் தன் பேருலயே பதிஞ்சுக்குவான். கம்பெனிக்கு எண்ணிக்கை, டீலருக்குப் பரிசு, வண்டிக்குப் புல்லு."

"இது குத்தமில்லையா?"

"எல்லாரும் பண்றதுதான். நாங்களும் பண்ணிருக்கோம். பெவ் ஒரு வருஷம் பதினேழு வண்டியத் தன் பேருல போட்டா. பதினேழு வண்டிக்காரின்னு பட்டறையில ஒரு மாசம் ராணி மாதிரி கும்பிட்டோம், கடுப்பாயிட்டா."

நான் எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் விரல் மரத்துப்போய் நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் மார்ச் பிறக்கும், எண் மாறும். இந்த வண்டிகள் ஒரு மைல்கூட ஓடாமல் கிழடாகிவிடும். அலிஸ்டரின் முப்பத்தெட்டு சதவீதம் இதோ, காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

அந்த முப்பத்தெட்டைப் பெவர்லியின் மேசைக்குச் சுமந்துபோனவள் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி.

7

அன்று சாயங்காலம் நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து இந்தக் கதைக்கு முடிவு எழுதினேன். செய்ய வேண்டியதைச் செய்யாமலிருக்க எழுத்தைப் போல வசதியான சாக்கு வேறில்லை.

முதல் முடிவில் நான் வாயைத் திறக்கவில்லை. பெவர்லி ப்ரோவெலுக்குக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு வருடத்தில் அந்த மூலையில் நாற்பது ஃபிளாட். அதில் ஒன்றின் பால்கனியிலிருந்து (போதும்.)

இரண்டாவது முடிவில் அலிஸ்டரும் பெவர்லியும் ஓடுபாதையில் சந்தித்து, காதல் கொண்டு, அவர் அவளை (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பெவர்லியின் கணவர் கீத் கோழி வளர்க்கிறார், ஞாயிறுதோறும் எனக்கு முட்டை தருகிறார். அவரை எங்கே அனுப்புவது?)

மூன்றாவதை எழுதாமல், வெள்ளிக்கிழமை காலை சாலையைக் கடந்து அலிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். செல்பேசியில் எடுத்த படத்தை நீட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு இன்னும் பெரிதாக்கினார்.

"இன்னும் இருக்கா?"

"எண்ணி முடிக்கல. வெரல் மரத்துப்போச்சு."

"மறுபடியுமா" என்றார், என்னிடம் அல்ல. உள்ளே போய் ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில், இந்த முறை என் பக்கம் நேராக, விரித்தார். ஒரே புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் விசிறி மாதிரி விரிந்து போயின. ஒன்று மேலே, ஒன்று நடுவில், ஒன்று தரையைத் தொட்டபடி.

"நான் எப்பவும் மூணுதான் போடுவேன். பத்திரிகைக்காரங்க நடுக்கோட்ட மட்டும் அச்சடிப்பாங்க."

"ஏன்?"

"மூணையும் போட்டா எனக்குத் தெரியாதுன்னு அர்த்தமாயிடுமாம்."

"தெரியுமா?"

"தெரியாது" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் இங்கே ஒரு நிபுணர் முன்னும் பின்னும் நான்கு மன்னிப்பு சேர்க்காமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கொக்கியிலிருந்து மேலங்கியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? அவங்கதான் கேக்கலையே" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"கேக்க வேண்டாம்" என்றார். மழை பெய்தது. குடை எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

8

அவர் கடைக்குள் நுழைந்து, வரவேற்பு மேசைக்கு முன்னால், தண்ணீர் சொட்டச் சொட்ட, பெவர்லி, கர்ட்டிஸ், இன்னும் ஏழெட்டுப் பேர் பார்க்க, தன் கணக்கு தவறு என்று சொன்னார். எண்கள் உண்மை, வண்டிகள் உண்மை, ஓட்டுபவர்கள்தான் இல்லை என்றார். பத்திரிகைக்குத் தந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

பெவர்லி எழுந்தாள். "உக்காருங்க. கோட்டக் கழட்டுங்க, நாற்காலி புதுசு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் உக்காரு, தலைகீழு."

தேநீர் வந்தது. அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "முப்பத்தெட்டுன்னு கேட்டதும் பேனாவ எடுத்துட்டேன் தெரியுமா? நானே பதினேழு வண்டியப் பொய்யாப் பதிஞ்சவ. அடுத்தவன் எண்ணுன்னதும் வேதமாத் தெரிஞ்சுச்சு."

"அப்ப எது சார் வளரும்?" கேட்டது கர்ட்டிஸ்.

"தெரியல" என்றார் அலிஸ்டர். அன்றைக்கு இரண்டாவது முறை. பழகிக்கொண்டிருந்தார்.

"நல்ல பதில். டீயக் குடிங்க" என்றாள் பெவர்லி.

மணி மூன்று. மூன்றரை. நான்கு. யாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். பட்டறையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஏதோ கேட்க வந்தவர்கள் மாதிரி வந்து, கேட்காமலேயே நின்றுவிட்டார்கள். நாலே முக்காலுக்குப் பெவர்லி இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கட்டுமானக்காரரின் முகவரி அட்டையும் அந்த மேசையில்தான் இருந்தது.

நாலு ஐம்பதுக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஓட்டுநர் ஒரே ஒரு பெட்டியோடு இறங்கினார்.

கர்ட்டிஸ் கத்தியால் நாடாவைக் கீறினான். உள்ளே கண்ணாடி. வலப்பக்கம். ஆனால் புதிது இல்லை, ஓரத்தில் மெல்லிய கீறல். அதோடு ஒரு துண்டுச் சீட்டு, கையால் எழுதியது. கர்ட்டிஸ் படித்தான், முதலில் மனத்துக்குள், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லோருக்குமாக:

"மிஸஸ் பாட்டர்ஸ்பிக்காக. கிடங்கில் இருப்பு இல்லை, வர மூன்று வாரமாகும். திங்கட்கிழமை அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றீர்கள். இங்கே சும்மா நிற்கும் ஒரு வண்டியிலிருந்து கழற்றி அனுப்புகிறேன். புதியது வந்ததும் மாற்றித் தருகிறேன். டிம், உதிரிபாகம்."

இல்லாத ஒரு பெண்மணிக்காக இருக்கிற ஒரு மனிதன் மழையில் நின்று திருகாணி கழற்றியிருக்கிறான். அலிஸ்டர் அந்தச் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருடைய மூன்று கோட்டில் எதிலும் டிம் இல்லை.

"நான் போன் பண்றேன்" என்றாள் பெவர்லி.

"எதுக்கு? நன்றின்னு நான் சொல்லிக்கிறேன்" என்றான் கர்ட்டிஸ், பதறி.

"நன்றிக்கு இல்ல." அவள் கன்னம் சிவந்திருந்தது. எண்ணை அழுத்தினாள். மணி ஐந்துக்கு ஆறு நிமிடம். "டிம்மா? டாசெட் மோட்டார்ஸ் பெவர்லி பேசறேன். கண்ணாடி வந்துச்சு. ஒரு விஷயம் சொல்லணும். மிஸஸ் பாட்டர்ஸ்பின்னு யாரும் இல்ல. நாங்க கட்டிவிட்ட கதை. நீங்க எப்படின்னு பாக்கத்தான். ரொம்ப மன்னிச்சுக்குங்க."

ஒலிபெருக்கியில் கிடங்கின் இரைச்சலோடு பதில் வந்தது.

"அப்பாடா" என்றது அந்தக் குரல். "தனியா இருக்காங்களேன்னு மூணு நாளா ஒரே கவலை."

பெவர்லி தொலைபேசியை வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

9

டிம் எந்தக் கம்பெனி?

இங்கே சொல்லிவிட வேண்டும் என்று எழுத்தாளர் சங்கத்து ஆட்கள் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். ஹைலுங்குக்கு இந்நாட்டில் பெரிய கிடங்கு இல்லை, ஆகவே கழற்றி அனுப்பியிருக்கலாம். ப்ரோவெலுக்குக் கழற்ற வண்டிக்கா பஞ்சம், புல்லுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு நிற்கிறது. இரண்டிலும் ஒரு டிம் இருக்க முடியும். அதோடு இரண்டுமே நான் வைத்த பெயர்கள். என் பேனாவில் பிறந்த இரண்டில் எது வென்றது என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? (மற்றக் கம்பெனியின் பெட்டி அடுத்த வியாழக்கிழமை வந்தது. இடப்பக்கக் கண்ணாடி.)

அலிஸ்டரின் கட்டுரை இந்த மாதம் மூன்று கோடுகளோடும் அச்சாகியிருக்கிறது. ஆசிரியர் முனகினாராம். கீழே ஒரு சிறு அட்டவணை, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வலப்பக்கக் கண்ணாடி எத்தனை நாளில் வந்தது என்று. அதைச் சேகரிக்க அவரும் கர்ட்டிஸும் நாடு முழுவதும் பொய்க் கிழவிகளைப் பெற்றெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்று ஒருவருக்குப் பெயர் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள்.

நான் இதை எழுதும் இந்த மார்ச் முதல் தேதிக் காலையில் டாசெட் மோட்டார்ஸ் வாசலில் ஏணி சாத்தியிருக்கிறது. பழைய எழுத்துகள் இறங்கிவிட்டன. புதுப் பலகை பழுப்புத் தாள் சுற்றித் தரையில் சாய்ந்து நிற்கிறது, பதினான்கு பேரும் வெளியே நிற்கிறார்கள், பெவர்லி யார் மேலோ சத்தம் போடுகிறாள். அந்தக் கம்பெனி வளருமா என்று எனக்குத் தெரியாது. வளரும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பதினொரு ஹைலுங்கை எண்ணியவள் சொல்வதை எவ்வளவு நம்புவீர்கள்?

நீங்களோ எனக்குப் பிந்தி வந்தவர்கள். இதைப் படிக்கும் நாளில் எனக்கு முன்னால் இருட்டாக இருக்கும் இரண்டு வருடம் உங்களுக்குப் பின்னால் வெளிச்சமாகக் கிடக்கும். பிரிட்டன் தெருக்களில் எது பெருகியது, எது புல்லுக்குள் போனது என்று விசாரித்தால் தெரிந்துவிடும். உங்கள் அத்தை மகன் பர்மிங்ஹாமில் இருப்பானே, அவன் வீட்டு வாசலில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பலகையில் நான் விட்டிருக்கும் இடத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

டாசெட் மோட்டார்ஸ், கெட்டரிங். உங்கள் ஊர் ____________ முகவர்.

பேனா வேண்டாம். பென்சிலால் எழுதுங்கள்.